உறுப்பமைப்புச் சத்திரவைத்தியமும் இரணசுரமும்

மூக்கு முகத்தின் ஓர் உறுப்பு மாத்திரமன்று; மானத்தின் இருப்பிடமாகவும் அது கருதப்பட்டு வந்துள்ளது. அவமானமுற்றவனை மூக்கறுபட்டவன் என்று கூறுதல் இன்றும் தமிழ் வழக்கு. சூர்ப்பணகை மூக்கிழந்தமையே இராமகாதையின் போக்கைத் திருப்பிவிட்டது. பண்டைய பாரதத்தில் மூக்கரிதல் தண்டனைகளுள் ஒன்றாக வழங்கியது. தண்டனை வழங்கிய அந்நாட்டிலேயே அதற்குப் பரிகாரமும் தோன்றியது. இழந்த மூக்கை மீண்டும் அமைத்துக் கொடுக்கும் அப்பரிகாரமே, இன்று பிளாஸ்ரிக் சத்திரவைத்தியம் என உலகம் வழங்கும் பெருங்கலையின் முதல் வித்தாகும். பிளாஸ்ரிக் என்னும் சொல் உருவமைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்க அடியிற் பிறந்தது. ஆதலின் இக்கலையைத் தமிழில் உறுப்பமைப்புச் சத்திரவைத்தியம் எனல் பொருந்தும்.

இக்கலையின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தோலை அளந்து, அரிந்து, திருப்பி, ஒட்டும் கைத்திறன் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைவந்திருந்தது. அங்ஙனமாயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இக்கலை பெரும்பாலும் மூக்கு, காது, உதடு என்னும் உறுப்புக்களோடு நின்றுவிட்டதேன்? மயக்கமருந்து இல்லாமை ஒரு காரணமே. ஆயின் அதனினும் வலிய காரணம் பிறிதொன்று உண்டு. கத்தியின் வேலை ஓரிரு நாழிகையில் முடிந்துவிடும். நோயாளன் பிழைப்பதும் இறப்பதும் அதன் பின்வரும் நாட்களிலேயே முடிவாகும். அந்நாட்களில் தோன்றும் காய்ச்சலை முன்னோர் இரணசுரம் என்றனர். அச்சுரம் புண் ஆறுவதன் அறிகுறியா, அழிவின் அறிகுறியா என்று பகுத்தறியும் ஆற்றல் வாய்க்கும்வரை கைத்திறன் மாத்திரம் இக்கலையை வளர்க்க இயலவில்லை. இவ்வுண்மையை வரலாற்று முறையில் நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுசுருத சங்கிதை ஒரே காலத்தில் ஒருவரால் இயற்றப்பட்டதன்று; கிறிஸ்துவுக்கு முற்பட்ட இறுதி நூற்றாண்டுகள் தொடக்கம் பிற்பட்ட முதல் நூற்றாண்டுகள்வரை படிப்படியாக உருப்பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதன் சூத்திரத்தானத்துப் பதினாறாம் அத்தியாயம் மூக்கமைக்கும் முறையை விதிக்கின்றது. இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அவ்வளவில் கன்னத்துத் தோலை ஒரு பக்கம் பற்றியிருக்குமாறு அரிந்து, மூக்கின் அடியைக் கீறிப் புண்ணாக்கி, அதன்மீது விரைந்து பொருத்திக் கட்டுதல் வேண்டும். மூச்சு இயங்குதற்கு இரு குழல்கள் வைக்கப்படும். பதங்கம், அதிமதுரம், அஞ்சனம் என்பவற்றின் பொடியைத் தூவி, வெண்பஞ்சால் மூடி, எள்ளெண்ணெயால் நனைத்து வருதல் வேண்டும்.

கைத்திறனைப் போற்றுவோர் பெரும்பாலும் இவ்வத்தியாயத்தோடு நின்றுவிடுவர். இதனை அடுத்துவரும் பதினேழாம் அத்தியாயமோ இதனினும் ஆழ்ந்த நோக்குடையது. வீக்கம் ஒன்று பழுக்காத நிலை, பழுக்கும் நிலை, பழுத்த நிலை என மூன்று நிலைகளை உடையது என்றும், நடுநிலையாகிய பழுக்கும் நிலையிலேயே சுரமும் எரிவும் தாகமும் உணவில் வெறுப்பும் தோன்றும் என்றும் அது கூறுகின்றது. பழுக்காத வீக்கத்தைக் கீறுபவனையும் பழுத்த வீக்கத்தைக் கீறாது விடுபவனையும் நூல் ஒருங்கே வன்மையாகக் கண்டிக்கின்றது. சுரத்தைத் தனியே நோக்காது, புண்ணின் நிலையோடு சேர்த்து நோக்கி, கத்தியெடுக்கும் காலத்தைத் துணிதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. புண்ணுற்றோனைப் பேணும் முறையைக் கூறும் பத்தொன்பதாம் அத்தியாயம் தூய இல்லம், தூய படுக்கை, குறைத்த நகம், வெண்ணிற ஆடை என்பவற்றை விதித்து, வெண்கடுகும் வேப்பிலையும் நெய்யும் உப்பும் கலந்த புகையை நாளுக்கு இருமுறை பத்து நாள் ஊட்டுமாறு பணிக்கின்றது.

இவ்விடத்து ஒரு வரம்பு பேணல் வேண்டும். புகையூட்டுதலைக் கண்டு, சுசுருதர் நுண்கிருமிகளை அறிந்திருந்தார் எனச் சிலர் உரைப்பர். நூல் கூறுவதோ குருதியையும் ஊனையும் நாடிவரும் இரவுலாவிகளாகிய தீய சக்திகளைப் பற்றியேயாம். கருத்து வேறு, பயன் வேறு. பயனுடைய ஒழுங்கொன்று பிழையான காரணத்தோடும் வழங்கலாம். காரணம் அறியப்படாமையால் அவ்வொழுங்கைத் திருத்தவும் விரிக்கவும் பின்வந்தோரால் இயலவில்லை. முன்னோரின் பெருமை அவர் கூறாததைக் கூறியதாக ஏற்றுவதால் வளர்வதன்று.

மேனாட்டில், முதலாம் நூற்றாண்டினராகிய உரோமர் செல்சு என்பார் அழற்சியின் அறிகுறிகளாகச் சிவப்பு, வீக்கம், வெப்பம், நோவு என்னும் நான்கினை வகுத்துரைத்தார். அந்நான்கும் இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் பின்வந்த நூற்றாண்டுகளில், கேலன் பெயரால் வழங்கிய கோட்பாடொன்று வேரூன்றியது. புண்ணிற் சீழ் பிடித்தல் ஆறுதற்கு இன்றியமையாதது என்பதும், தடித்து வெளுத்த சீழ் நற்சீழ் என்பதும் அக்கோட்பாடாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்தாலியரான தியோடோரிக் இதனை மறுத்துரைத்தும் அவர் குரல் எடுபடவில்லை. சீழ் நல்லதென்றால் சீழோடு வரும் சுரமும் இயல்பானதே. இவ்வாறு கண்முன் நின்ற எச்சரிக்கையை நலத்தின் குறியாகக் கொண்டு பல தலைமுறைகள் கழிந்தன.

இந்நிலையிலும் இத்தாலியில் மூக்கமைப்புக் கலை தழைத்தது. பொலோஞ்ஞாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கஸ்பாரே தக்லியாகொட்சி 1597ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளியிட்ட பெருநூல், மேற்கையின் தோலைக்கொண்டு மூக்கமைக்கும் முறையைப் படங்களோடு விளக்கியது. தோல் முகத்தோடு ஒன்றும்வரை நோயாளன் தன் கையைத் தலையோடு பிணித்தபடி ஏறத்தாழ இருபது நாள் இருத்தல் வேண்டும். அத்தனை நாளும் தோற்பாலம் மூடப்படாது திறந்தே கிடந்தது. அவருக்குப்பின் இம்முறை கைவிடப்பட்டமையில் வியப்பில்லை.

பாரதத்திலோ இக்கலை ஏட்டுக் கல்வியாலன்றிக் குலத்தொழில் வழியாக வாழ்ந்து வந்தது. 1794ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டனில் வெளிவந்த ஜென்ரில்மன்ஸ் மகசீன் என்னும் இதழில் ஒரு கடிதம் அச்சாயிற்று. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படையில் மாட்டு வண்டியோட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவன் திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். பூனா நகருக்கு அண்மையில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் மெழுகால் அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி, அவனுக்கு மூக்கமைத்தார். முதல் நான்கு நாள் கட்டு அவிழ்க்கப்படவில்லை; பின்னர் நெய்யில் தோய்த்த துணி இடப்பட்டது; ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாளில் இணைப்புத்தோல் அரியப்பட்டது. இச்செய்தியாற் கவரப்பட்ட யோசப் காப்பியூ என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் பிணங்களிற் பலகாலம் பயின்று, 1814ஆம் ஆண்டு ஒக்ரோபர் 23ஆம் நாள் இலண்டனில் படை அதிகாரி ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டு வெற்றி பெற்றார். அவர் நூல் 1816ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐரோப்பாவில் இக்கலை மறுபிறப்பெடுத்தது.

கிருமிக்கொள்கை தோன்றாத அக்காலத்தில் இவ்வெற்றி எவ்வாறு கைகூடிற்று? விடை உடலமைப்பில் உள்ளது. முகம் உடலின் ஏனைய பகுதிகளினும் மிகுந்த குருதியோட்டம் உடையது. குருதி மிக்க இடத்திற் புண் விரைந்தாறும். தொற்றும் எளிதில் வேரூன்றாது. நெற்றித் தோல் தன் குருதிக்குழாயோடே மூக்கிற்குத் திருப்பப்படுகின்றது. சுரம் வெல்லப்பட்டமையால் மூக்கு அமைந்ததன்று. சுரம் குறைவாகத் தாக்கும் இடத்தில் மூக்கு அமைந்திருந்ததனால் கலை பிழைத்தது. மார்பிலும் வயிற்றிலும் கைகால்களிலும் அவ்வாய்ப்பு இல்லை. அவ்விடங்களில் வாளின் வேலை முடிந்தபின் இரணசுரம் தன் வேலையைத் தொடங்கிற்று.

1846ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் ஈதர் மயக்கம் பொதுமக்கள் அறியக் கையாளப்பட்டது. நோவு நீங்கியமையாற் சத்திரசிகிச்சைகள் பெருகின. வைத்தியசாலைகளில் சுரமும் சீழும் குறையவில்லை. அடுத்த ஆண்டு வியன்னாவில் இக்னாசு செமல்வைசு, மகப்பேற்று மனையிற் பெண்களைக் கொல்லும் சுரமும் பிணமறுக்கையிற் கைவெட்டுண்டு இறந்த தம் நண்பரைக் கொன்ற நோயும் ஒன்றே எனத் துணிந்தார். மாணவர் குளோரின் கரைசலிற் கைகழுவ வேண்டும் என அவர் விதித்தபின், ஏப்ரில் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு யூன் மாதத்தில் இரண்டளவாகக் குறைந்தது. ஆயினும் அவர் காலத்தவர் பலர் அவரை ஏற்கவில்லை.

பாஸ்சரின் ஆராய்ச்சியைக் கற்ற யோசப் லிஸ்ரர் 1865ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12ஆம் நாள் கிளாஸ்கோ நகரில், காலெலும்பு முறிந்து தோலைப் பிளந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் காபோலிக் அமிலத்தாற் பேணினார். சீழ் பிடிக்காமலே புண் ஆறியது. 1867ஆம் ஆண்டில் அவர் தம் முடிபுகளை லான்செற் இதழில் வெளியிட்டார். அம்முறைக்கு முன் உறுப்புத் துண்டிக்கப்பெற்ற 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின்னர் 40 பேரில் அறுவரே இறந்தனர். நற்சீழ் என்னும் கோட்பாடு சாய்ந்தது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1847ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் தமிழ் மொழியில் மேனாட்டு வைத்தியம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், துரூயிற் என்னும் ஆங்கிலேயரின் சத்திரவைத்திய நூலைத் தமிழாக்கி ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரோடு வெளிவரச் செய்ததும் அதே 1867ஆம் ஆண்டிலேயாம். மூலநூல் லிஸ்ரருக்கு முந்திய தலைமுறையின் அறிவிலே தோன்றியது. உலகச் சத்திரவைத்தியம் பழைய கரையினின்று புதிய கரைக்குக் கால் வைத்த ஆண்டிலே பழைய கரையின் முழு அறிவும் தமிழிற் கிடைத்தது எனலாம். அவ்வறிவு தமிழாற் சொல்லக்கூடியதே என்பதை அந்நூல் நாட்டிற்று.

தொற்றின் காரணம் தெளிந்த அதே காலத்திற் சுரத்தை அளக்கும் கருவியும் வந்தது. முன்னர்க் கைத்தொடுதலாலும் நாடியாலுமே சுரம் மதிக்கப்பட்டது. இலைப்சிக் நகரத்துக் காள் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளரின் வெப்பநிலையைப் பத்து இலட்சம் முறைக்குமேல் அளந்து, 1868ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நலமுற்றோர்க்கு 37 பாகை சதமளவு என்னும் மதிப்பு அவராலேயே நிலைபெற்றது. சுரம் ஒரு நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறியே என்பது அவர் முடிபு. இங்கிலாந்தில் கிளிபட் ஓல்பற் ஏறத்தாழ அக்காலத்திலேயே ஆறங்குல நீளமுடைய சிறு வெப்பமானியை அமைத்தார். ஓரடி நீளமும் இருபது நிமிடமும் வேண்டிய கருவி சட்டைப்பையில் அடங்கி ஐந்து நிமிடத்தில் விடை கூறலாயிற்று.

இவ்விரு வெள்ளங்களும் கலந்த இடத்திலே புதியதோர் உண்மை வெளிப்பட்டது. ஜேர்மனியில் லிஸ்ரர் முறையை முதலில் ஏற்றோருள் ஒருவராகிய ரிச்சாட் வொல்க்மனும் அவர் மாணவர் கென்ஸ்மரும் 1877ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அதனை எடுத்துரைத்தது. சிறிதும் சீழின்றி ஆறும் புண்ணுடையோர்க்கும் முதற் சில நாட்களில் வெப்பம் ஏறுகின்றது. ஆயின் அவர் நோயுற்றார் போலத் தோன்றுவதில்லை. இதனை அழுகலற்ற சுரம் என்றும், தொற்றால் வருவதை அழுகற்சுரம் என்றும் அவர் பிரித்தனர். வெப்பமானி இரண்டையும் ஒரே எண்ணாற் காட்டக்கூடும். வேறுபாடு நோயாளனின் முகத்திலும் புண்ணிலும் நாளின் கணக்கிலும் உள்ளது. முன்னோர் சுரமனைத்தையும் நலமென்றனர். லிஸ்ரருக்குப் பின்வந்தோர் சுரமனைத்தையும் பகையெனக் கருத இடமிருந்தது. இவ்விரு வழுக்களுக்கும் நடுவே செல்லும் பாதையை இக்கட்டுரை திறந்தது.

இப்பாதையில் உறுப்பமைப்புக் கலை முழுவளர்ச்சி எய்தியது உலகப் போர்களின்போதேயாம். நியூசிலாந்தினரான ஹரோல்ட் கில்லிசின் முயற்சியால் 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் முகச்சிதைவுக்கெனத் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. முகம் முழுவதும் எரியுண்ட இளம் விமானப்படை அதிகாரி ஒருவருக்கு மார்பினின்று மிகப்பெரிய தோற்பரப்பை ஒரேயடியாக மாற்ற அவர் முயன்றார். தோல் அழுகித் தொற்றுப் பரவி 1918ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வதிகாரி இறந்தார். பெருவேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உடல் தேறும்வரை காத்திருத்தல் வேண்டும் என்னும் நெறியைக் கில்லிஸ் பின்னர் வலியுறுத்தினார். 1917ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் கண்ட குழாய்த்தோல் முறையும் இங்குக் கருதத்தக்கது. தோற்பாலத்தின் இரு ஓரங்களையும் சுருட்டித் தைத்துக் குழாயாக்கினால் புண்பரப்பு உள்ளே மூடப்படுகின்றது. கிருமி புகும் வாயில் அடைபடுகின்றது. ஒடெசா நகரத்துப் பிலாத்தோவும் இம்முறையைத் தனியே கண்டிருந்தார். தக்லியாகொட்சியின் திறந்த பாலத்திற்கு முந்நூறு ஆண்டுகளின் பின் கூரை இடப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் கில்லிசின் உறவினரான ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் நகரில் எரியுண்ட விமானிகளைப் பேணினார். அக்காலத்தில் எரிபுண்ணின்மேல் தனிக் அமிலம் பூசி வன்பொருக்கு உண்டாக்குதல் வழக்கம். மேலே உலர்ந்து அழகாகத் தோன்றும் பொருக்கின் கீழே சீழ் கண்ணுக்குத் தெரியாது சேர்ந்தது. மக்கின்டோ அதனை எதிர்த்து, உப்புநீர்க் குளியலைப் புகுத்தினார். புண் கண்ணிற்குத் தெரியவேண்டும் என்பதே அவர் மாற்றத்தின் உட்கிடை. குருதியைச் சிதைக்கும் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமி ஒட்டுத்தோலை ஓரிரு நாளில் அழித்துவிடும் என்பதும் அக்காலத்தில் நன்கு அறியப்பட்டது. 1935ஆம் ஆண்டில் வந்த சல்பா மருந்துகளும், போரின் பிற்பகுதியில் பெருகிய பெனிசிலினும் அதனை அடக்கின.

மருந்து வந்ததனால் இரணசுரத்தின் வரலாறு முடிந்துவிடவில்லை. சுரம் உடலுக்குள் எவ்வாறு தோன்றுகின்றது என்பதும் அதன்பின் தெளிந்தது. 1948ஆம் ஆண்டில் போல் பீசன், வெண்குருதிக் கலங்களே சுரமூட்டும் பொருளை வெளிவிடுகின்றன எனக் காட்டினார். சிதைந்த இழையமும் கிருமியும் ஆகிய இரண்டும் அக்கலங்களைத் தூண்டவல்லன. அப்பொருள்களின் ஏவலால் மூளையின் அடியிலுள்ள வெப்பநிலை மையத்திற் புரொஸ்ராகிளாண்டின் என்னும் பொருள் தோன்றி, உடலின் வெப்ப வரம்பை உயர்த்துகின்றது. அஸ்பிரின் அப்பொருளின் ஆக்கத்தைத் தடுக்கின்றது என்பதை 1971ஆம் ஆண்டில் யோன் வேன் நிறுவினார். எனவே, சுரந்தணிக்கும் மாத்திரை வெப்பத்தைத் தணிக்கும், காரணத்தைத் தணிக்காது. வொல்க்மன் கண்ட அழுகலற்ற சுரத்துக்கும் இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

இற்றைக்கால நடைமுறை இவ்வரலாற்றின் திரண்ட பயனேயாகும். வெப்பநிலை 38 பாகை சதமளவை, அஃதாவது 100.4 பாகை பரனைற்றை, எட்டினாற் சுரம் எனப் பொதுவாகக் கொள்ளப்படும். சத்திரசிகிச்சையின் பின் முதல் இரண்டு நாட்களில் தோன்றும் மிதமான சுரம் பெரும்பாலும் இழையச் சிதைவின் விளைவு, தானே தணியும். நுரையீரலின் பகுதி சுருங்குதலே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த மீளாய்வொன்று அதற்குத் தக்க சான்று இல்லை எனக் காட்டியது. மூன்றாம் நாளுக்குப் பின் எழும் சுரமும், தணிந்து மீண்டும் எழும் சுரமும் ஐயத்திற்குரியன. சிறுநீர் வழியிற் குழாய் இருந்ததா, மூச்சும் இருமலும் எவ்வாறுள்ளன, ஊசியேற்றிய நாளம் சிவந்துள்ளதா, கெண்டைக்கால் வீங்கி நோகின்றதா, புதிதாகக் கொடுத்த மருந்து யாது என்று ஒவ்வொன்றாக வினவப்படும். புண்ணின் கட்டு அவிழ்க்கப்பட்டு, பரவும் சிவப்பு, மிகும் நோவு, தீநாற்றம், சீழ் என்பன நோக்கப்படும். சீழ் இருப்பின் அதனை வெளியேற்றுதலே முதற் பரிகாரம்; கிருமிக்கொல்லி அதற்குத் துணை. பழுத்ததைக் கீறாது விடுபவனைக் கண்டித்த சுசுருதரின் விதி இங்கே இன்றும் வாழ்கின்றது.

முதல் இரண்டு நாட் சுரம் பெரும்பாலும் தீங்கற்றது என்னும் விதிக்கும் விலக்கு உண்டு. ஸ்ரெப்ரோகொக்கசு, குளொஸ்ரீடியம் என்னும் கிருமிகள் முதல் நாளிலேயே புண்ணைத் தாக்கக்கூடும்; அப்போது புண்ணின் தோற்றத்தினும் நோவு மிகுந்திருக்கும். மற்றொரு விலக்கு மூக்குச் சத்திரசிகிச்சையிலேயே வெளிப்பட்டது. 1978ஆம் ஆண்டில் நச்சதிர்ச்சி நோய் எனப் பெயரிடப்பட்ட கொடுநோய், 1980களின் தொடக்கத்தில் மூக்கினுள் துணித்திரி அடைக்கப்பட்ட சிலரிடம் காணப்பட்டது. புண் தூயதாகவே தோன்றும். ஆயின் கடுஞ்சுரமும் வாந்தியும் வயிற்றோட்டமும் வெயிலிற் காய்ந்தாற்போன்ற தோற்சிவப்பும் தோன்றிக் குருதியமுக்கம் வீழும். திரியை உடனே அகற்றி, காலந்தாழ்த்தாது மருத்துவம் செய்தல் வேண்டும். இக்கலையின் மிகப்பழைய சிகிச்சையிலே, கிருமிக்கொல்லி மருந்துகள் மலிந்த காலத்திலே, புதியதோர் இரணசுரம் தோன்றியமை சிந்திக்கத்தக்கது.

இக்காலத்தில் நோயாளர் பலர் சத்திரசிகிச்சை முடிந்த ஓரிரு நாளிலேயே இல்லந் திரும்புகின்றனர். முன்னர்த் தாதியர் குறித்துவந்த வெப்பநிலை அட்டவணை இப்போது தாயின் கையிலோ மகனின் கையிலோ உள்ளது. ஆதலின் அளந்து குறித்தபின்பே மாத்திரை கொடுத்தலும், நேரந்தோறும் மாத்திரை கொடுத்துவருங்காற் சுரம் மறைந்து கிடக்கலாம் என நினைவுகூர்தலும், முன்னர் மிஞ்சிய கிருமிக்கொல்லியைத் தாமே கொடாது சிகிச்சை செய்த வைத்தியரிடம் அறிவித்தலும் அறிவுடைமையாகும். டெங்கு பரவும் நாடுகளில், புண் நலமாக இருக்கவும் வரும் சுரம் அந்நோயாகவும் இருக்கலாம். அவ்வையமுள்ளபோது குருதிக்கசிவைப் பெருக்கும் அஸ்பிரின் முதலிய மருந்துகள் விலக்கப்பட வேண்டும்.

சுருங்கக் கூறின், மூக்கை அமைத்த கையின் வரலாறு பெரிது. அம்மூக்குடையானின் படுக்கையருகே விழித்திருந்த கண்ணின் வரலாறு அதனினும் பெரிது. செங்கல் அறுப்போர் குலத்துக் கைத்திறனும் கில்லிசின் கைத்திறனும் தம்முள் மிக வேறுபட்டனவல்ல. அவ்விரண்டிற்கும் இடையே நின்ற செமல்வைசும் லிஸ்ரரும் வுண்டர்லிக்கும் வொல்க்மனும் சுரத்தின் மொழியைக் கற்றுக் கொடுத்தமையாலேயே, முகத்தளவில் நின்ற கலை உடல் முழுவதற்கும் உரியதாயிற்று. சுரம் தூதுவனைப் போன்றது. தூதுவனைக் கொல்லுதல் அரச நீதியன்று; அவன் கொணர்ந்த ஓலையைப் படியாது அனுப்பிவிடுதலும் அறிவன்று.